புக்கிட் குத்து மலையில் ஒரு நாள்

மலேசியாவில் மலை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை கினாபாலு, கேமரன் மலை, கெந்திங் மலை, பிரேசர் மலை ஆகியவைதாம். இவற்றைப் பற்றிப் பாடநூல்களும் சுற்றுலாக் கையேடுகளும் நிறையவே பேசுகின்றன. ஆனால், சிலாங்கூரின் வடபகுதியில், கோலகுபு பாரு பட்டணத்திற்கு அருகே நிற்கும் ஒரு மலையின் பெயரை அறிந்தவர்கள் குறைவு. அதுதான் புக்கிட் குத்து.

இம்மலையின் உயரம் 1,053 மீட்டர். 4,095 மீட்டர் உயரமுள்ள கினாபாலுவோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். உச்சிக்குச் செல்லத் தார்ச்சாலை இல்லை. கம்பிவட ஊர்தியும் இல்லை. காட்டாற்றைக் கடந்து, வேர்களைப் பற்றிக்கொண்டு, பாறைகளில் கால் ஊன்றி நடந்தே ஏற வேண்டும். ‘குத்து’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பேன் என்று பொருள். ஆனால், தமிழ் தெரிந்தவர் காதில் அது ‘செங்குத்து’ என்னும் சொல்லின் பாதியாகவே ஒலிக்கும். ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொருளே பொருத்தமாகத் தோன்றும்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணி. இடைநிலைப்பள்ளி ஒன்றின் மலையேற்றக் கழகத்தைச் சேர்ந்த பன்னிரண்டு மாணவர்கள், மலையடிவாரத்தில் உள்ள பெர்தாக் பூர்வகுடிக் கிராமத்தில் கூடியிருந்தனர். அவர்களோடு இரண்டு ஆசிரியர்கள் வந்திருந்தனர். வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற்றிருந்தனர். ஒவ்வொருவர் பையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, கைவிளக்கு, ஊதல், மாற்று உடை, நெகிழிப் பெட்டியில் நாசி லெமாக் ஆகியவை இருந்தன.

வழிகாட்டியாக வந்தவர் அதே கிராமத்தைச் சேர்ந்த தெமுவான் இனத்தவர். தெமுவான் மக்கள் தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடியினருள் ஒரு பிரிவினர். ஐம்பது வயதைக் கடந்த அவரை மாணவர்கள் ‘பக்சிக்’ என்று அழைத்தனர். அவர் மலாயில் இரண்டே செய்திகளைச் சொன்னார்.

“பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். நான் ‘போதும்’ என்று சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.”

மாணவர்கள் தலையசைத்தனர். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்த அந்தக் காலை வேளையில் அந்தச் சொற்களின் எடை யாருக்கும் தெரியவில்லை.

ஆற்றிலிருந்து காட்டுக்குள்

கிராமத்தைத் தாண்டியதும் பாதை மூங்கில் புதர்களின் ஊடே சென்றது. சிறிது தூரத்தில் காட்டாறு குறுக்கிட்டது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம். ஆழம் முழங்காலுக்குக் கீழேதான். மாணவர்கள் காலணிகளைக் கழற்றத் தொடங்கினர்.

“கழற்ற வேண்டாம். கல் வழுக்கும். காலணி நனைந்தால் காய்ந்துவிடும், கால் முறிந்தால் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும்,” என்றார் பக்சிக்.

கடந்த பிறகு அவர் கரையோரப் பாறை ஒன்றைக் கையால் தொட்டுக் காட்டினார். நீர் அப்பாறையின் அடியை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தது. “இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்,” என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். ஏன் என்று அவர் விளக்கவில்லை.

அங்கிருந்து ஏற்றம் தொடங்கியது. முதல் ஒரு மணி நேரம் பேச்சும் சிரிப்புமாகக் கழிந்தது. பிறகு பேச்சு குறைந்தது. மூச்சு வாங்கும் ஓசை மட்டும் கேட்டது. ஓங்கி வளர்ந்த மரங்கள் வானத்தை மறைத்தன. அவற்றின் அகன்ற பலகை வேர்கள் ஆள் உயரச் சுவர்களாக நின்றன. முள் நிறைந்த பிரம்புக் கொடிகள் சட்டையைப் பற்றி இழுத்தன. ஈரமான இலைகளில் காத்திருந்த அட்டைகள் சத்தமில்லாமல் காலுறைக்குள் புகுந்தன. தொலைவில் ஏதோ ஒரு கூட்டம் கூவிக் கூவி அடங்கியது. அது சியாமாங் என்னும் வாலில்லாக் குரங்குகளின் ஒலி என்று அறிவியல் ஆசிரியர் விளக்கினார். தொண்டையில் உள்ள பை பலூன்போல் உப்புவதால்தான் அக்குரங்குகளின் குரல் காடு முழுவதும் கேட்கிறதாம்.

குழுவின் கடைசியில் படிவம் நான்கு மாணவி ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இதுவே முதல் மலையேற்றம். ஒவ்வொரு பத்து நிமிடத்திற்கும் நின்று மூச்சு வாங்கினாள். மற்றவர்கள் தனக்காகக் காத்திருப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

“டீச்சர், நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். நீங்கள் போய்விட்டு வாருங்கள்,” என்றாள்.

ஆசிரியை புன்னகையோடு மறுத்தார். “மலையில் குழுவின் வேகம் என்பது கடைசியில் வருபவரின் வேகம்தான் அம்மா. முன்னால் போகிறவர் உன் வேகத்துக்கு நடந்தால் நாம் எல்லாரும் சேர்ந்து போகலாம்.”

அதன் பிறகு அவளை இரண்டாவது ஆளாக, பக்சிக்கின் பின்னால் நடக்கவிட்டனர். வேகம் குறைந்தது, ஆனால், நின்று நின்று போவதும் குறைந்தது. மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்ந்தது. பொதுவாக, ஒவ்வொரு நூறு மீட்டர் உயரத்திற்கும் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் குறையும். எனவே, ஆயிரம் மீட்டர் உயரத்தில் சமவெளியைவிட ஆறு பாகை குளிர்ச்சியாக இருக்கும். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆங்கிலேயர்களை இம்மலைக்கு ஈர்த்ததும் இந்த ஆறு பாகைதான்.

காட்டுக்குள் ஒரு புகைபோக்கி

பதினொரு மணிக்கு உச்சிப்பகுதியை அடைந்தபோது மாணவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். அடர்ந்த மரங்களுக்கு நடுவே செங்கல்லால் கட்டிய ஒரு புகைபோக்கி தனித்து நின்றது. அதன் அடியில் கணப்படுப்பு இருந்தது. சுற்றிலும் சுவரும் இல்லை, கூரையும் இல்லை.

“இந்த நாட்டில் கணப்படுப்பா?” என்று ஒரு மாணவன் வியந்து சிரித்தான். வியர்வை அவன் சட்டையை நனைத்திருந்தது.

வரலாற்று ஆசிரியையான டீச்சர் அங்கேயே ஒரு சிறு பாடம் நடத்தினார். வில்லியம் ஹூட் டிரீச்சர் என்பவர் 1892 முதல் 1896 வரை சிலாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தார். அக்காலத்தில்தான் இம்மலையுச்சியில் ஆங்கிலேய அதிகாரிகளுக்கான ஓய்வில்லம் அமைந்தது. சமவெளியின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் வாடியவர்கள் இங்கு வந்து உடல் தேறினர். அவர் பெயரால் இம்மலை ‘டிரீச்சர் மலை’ என்றும் அழைக்கப்பட்டது. உச்சிவரை வண்டிச்சாலை இல்லாததால் ஆள்களும் பொருள்களும் ஒற்றையடிப் பாதையில்தான் மேலே வர வேண்டியிருந்தது.

“இரவில் இங்கே குளிரும். ஆனாலும், கணப்படுப்பு மூட்டும் அளவுக்கா குளிரும்? அவர்கள் கட்டியது குளிருக்காக மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் விட்டுவந்த தங்கள் வீட்டை நினைத்துக் கட்டியிருப்பார்கள்,” என்றார் ஆசிரியை.

பிறகு என்ன ஆனது? பிரேசர் மலை உருவாக்கப்பட்டு, அதற்குச் சாலையும் அமைந்தது. வாகனத்திலேயே போகக்கூடிய மலை இருக்கும்போது, நடந்து ஏற வேண்டிய மலையை நாடுவோர் குறைந்தனர். காலப்போக்கில் இங்கிருந்த கட்டடங்கள் கைவிடப்பட்டுச் சிதைந்தன. காடு மெல்ல மெல்லத் தன் இடத்தை மீட்டுக்கொண்டது. புகைபோக்கி மட்டும் மிஞ்சியது.

உச்சியின் மறுபக்கத்தில் பெரும்பாறைகள் இருந்தன. அவற்றுள் ஒன்றின்மீது ஏணியில் ஏறினால் நாற்புறமும் பார்க்கலாம். மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறினர். கீழே பச்சை மலைகளுக்கு நடுவில் சிலாங்கூர் ஆற்று அணையின் நீர்த்தேக்கம் நீல நிறத்தில் பளபளத்தது.

“கிள்ளான் பள்ளத்தாக்கில் உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது,” என்றார் அறிவியல் ஆசிரியர்.

பக்சிக் அந்த நீர்ப்பரப்பைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அணை கட்டப்பட்ட காலத்தில், அப்பகுதியில் வாழ்ந்த தெமுவான் மக்கள் தங்கள் பழைய குடியிருப்புகளை விட்டுப் புதிய இடத்திற்குக் குடிபெயர்ந்தனர். இப்போதுள்ள கிராமம் அப்படி அமைந்ததுதான். “சின்ன வயதில் நான் மீன் பிடித்த இடம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது,” என்று அவர் மெதுவாகச் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால், சிரித்துக்கொண்டிருந்த மாணவர்கள் அமைதியாயினர். குழாயைத் திருகும்போது நினைத்துப் பார்த்திராத ஒரு முகம் இப்போது அவர்கள் முன் நின்றது.

ஒரே ஓர் இடி

பதினொன்றே முக்கால் மணி. பதினொரு மாணவர்கள் பாறையின்மீது ஏறி இறங்கிவிட்டனர். கடைசியாக நின்றவள், அந்தப் படிவம் நான்கு மாணவி. பள்ளிக் கழகத்தின் கொடியை அவள் கையில் கொடுத்திருந்தனர். மெதுவாக ஏறி வந்தவளே உச்சியில் கொடியைப் பிடிக்க வேண்டும் என்று நண்பர்கள் முடிவு செய்திருந்தனர். அவள் ஏணியில் கால் வைத்தாள்.

அப்போது கிழக்கே, தித்திவங்சா மலைத்தொடரின் பக்கம், ஓர் இடி முழங்கியது. மிகத் தொலைவில்தான். தலைக்கு மேலே வானம் இன்னும் நீலமாகவே இருந்தது.

“போதும். இறங்கலாம்,” என்றார் பக்சிக்.

“இரண்டே நிமிடம் பக்சிக். அவள் மட்டும்தான் பாக்கி,” என்று குழுத் தலைவன் கெஞ்சினான்.

பக்சிக் மறுமொழி சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். உயரமான வெட்டவெளிப் பாறையும் இரும்பு ஏணியும் மின்னலின் போது எவ்வளவு ஆபத்தானவை என்பதை அறிவியல் ஆசிரியர் சுருக்கமாகச் சொன்னார். மாணவியின் முகம் வாடியது. மூன்றரை மணி நேரம் ஏறி வந்தவள் கடைசி ஏழெட்டுப் படிகளை ஏறாமல் காலைக் கீழே எடுத்து வைத்தாள். கொடியை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஒரு சொல்லும் பேசாமல் பக்சிக்கின் பின்னால் தன் இடத்தில் போய் நின்றாள்.

இறங்கும் வழியில் ஒரு மணியளவில் மழை பிடித்துக்கொண்டது. பாதை சேறானது. ஏறும்போது தாங்கிப் பிடித்த வேர்களே இறங்கும்போது காலை வழுக்கிவிட்டன. பலர் உட்கார்ந்து சறுக்கியே வந்தனர். அடிவாரத்தை நெருங்கியபோது மழை நின்றுவிட்டது. வெயில்கூடத் தலைகாட்டியது. மாணவர்களுக்கு உற்சாகம் திரும்பியது. ஆற்றைக் கடந்தால் கிராமம், கிராமத்தில் பேருந்து.

ஆற்றங்கரையில்

ஆனால், அவர்கள் முன்னால் ஓடியது காலையில் கண்ட ஆறு அன்று. தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கியிருந்தது. இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. பக்சிக் காலையில் தொட்டுக் காட்டிய பாறை பாதி மூழ்கியிருந்தது. அவர் ஏன் அதைக் காட்டினார் என்பது இப்போது எல்லாருக்கும் புரிந்தது.

“ஐயா, முழங்கால் அளவுதானே இருக்கும்? கைகோத்துக் கடந்துவிடலாம். மணி இரண்டரை ஆகிறது. அப்பா காத்திருப்பார்,” என்றான் ஒரு மாணவன்.

பக்சிக் ஒரு குச்சியை ஒடித்து, நீர் தொடும் இடத்தில் ஊன்றினார். எல்லாரையும் கரையிலிருந்து மேட்டுக்கு ஏறி உட்காரச் சொன்னார். ஐந்து நிமிடம் கழிந்தது. குச்சியின் பாதி நீருக்குள் போயிருந்தது. மேலும் சில நிமிடங்களில் ஆற்றின் ஓசையே மாறியது. சலசலப்பு முழக்கமானது. மேற்புறமிருந்து பழுப்பு நிற நீர் திரண்டு வந்தது. அதனோடு ஒரு மரக்கட்டையும் உருண்டு வந்து, பாறையில் மோதித் திரும்பிப் பாய்ந்தது. குச்சியைக் காணவில்லை. அவர்கள் கடந்திருக்கக்கூடிய இடத்தில் இப்போது எவராலும் நிற்க முடியாது.

யாரும் பேசவில்லை. கடக்கலாம் என்று சொன்ன மாணவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இத்தகைய திடீர் நீர்ப்பெருக்கை மலாயில் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். மலையின் மேற்பகுதியில் பெய்த மழைநீர் சரிவுகளில் வழிந்து, ஓடைகளில் சேர்ந்து, ஒரே நேரத்தில் ஆற்றுக்குள் இறங்கும்போது இது நிகழ்கிறது. ஆற்றங்கரையில் மழை பெய்யாமலே, ஏன், வெயில் அடிக்கும்போதேகூட நீர் உயர்ந்துவிடும். தெளிந்த நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, ஆற்றின் ஓசை கூடுவது ஆகியவை அதற்கான முன்னறிகுறிகள். முழங்கால் அளவு நீர்கூட வேகமாக ஓடினால் வளர்ந்த மனிதரையே வீழ்த்திவிடும். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழிக்கு மலையாற்றில் இன்னொரு பொருளும் உண்டு. ஆழம் தெரிந்தாலும் போதாது. அது மாறும் வேகமும் தெரிய வேண்டும்.

நீரின் கொடுமையை இவ்வட்டாரம் நன்கு அறியும். 1883ஆம் ஆண்டில் பழைய கோலகுபு பட்டணத்தின் அருகிலிருந்த அணை உடைந்து, பட்டணம் பேரழிவுக்கு உள்ளானது. அதன் பின்னரும் வெள்ளமும் மண்படிவும் ஓயவில்லை. இறுதியில் மேட்டு நிலத்தில் புதிய பட்டணம் ஒன்று அமைக்கப்பட்டது. அதுவே இன்றைய கோலகுபு பாரு. ‘பாரு’ என்றால் புதியது. பழைய பட்டணம் இருந்த இடம் இன்று அம்பாங் பெச்சா என்று வழங்குகிறது. ‘உடைந்த அணை’ என்பதே அதன் பொருள். ஒரு துயரம் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது.

ஆசிரியை இதைச் சொல்லி முடித்தபோது மாணவர்கள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தனர். குளிரில் நடுங்கியவர்களுக்கு மாற்று உடையும் மழைச்சட்டையும் கைகொடுத்தன. மிச்சமிருந்த ரொட்டியைப் பகிர்ந்து உண்டனர். தொலைபேசியில் அலைவரிசை கிடைக்கவில்லை. வீட்டில் கவலைப்படுவார்களே என்ற எண்ணம் எல்லார் மனத்திலும் இருந்தது. ஆனாலும், எவரும் எழுந்து ஆற்றை நோக்கிப் போகவில்லை.

நான்கு மணிக்குமேல் முழக்கம் தணிந்தது. பக்சிக் மீண்டும் ஒரு குச்சியை ஊன்றினார். நீர் அதைவிட்டு விலகியது. மறுபடியும் ஊன்றினார், மறுபடியும் விலகியது. காலையில் கண்ட பாறையின் அடி தெரியத் தொடங்கியபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. பக்சிக் முதலில் தனியாக இறங்கிக் கயிற்றை மறுகரை மரத்தில் கட்டினார். பிறகு ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்தனர்.

கடைசியாகக் கடந்தவன், காலையில் முதலாவதாக ஓடிய குழுத் தலைவன். கரையேறியதும் அவன் அந்த மாணவியிடம் சென்றான்.

“நீ ஏறாமல் போனது எங்களுக்கெல்லாம் வருத்தமாக இருந்தது. ஆனால், நீ மறுப்புச் சொல்லாமல் இறங்கினாய். அங்கே நாம் வாதாடிக்கொண்டிருந்திருந்தால் மின்னல் வேளையில் அந்தப் பாறையிலேயே நின்றிருப்போம்.”

அவள் பையிலிருந்து கொடியை எடுத்துப் பார்த்தாள். அது நனையாமல் இருந்தது.

“மலை எங்கேயும் போகாது. அடுத்த தடவை முதலில் நான் ஏறுகிறேன்,” என்றாள்.

பக்சிக்குக் தமிழ் தெரியாது. இருந்தாலும், அவள் சொன்னது புரிந்ததுபோல் சிரித்தார். காலையில் கடந்த அந்த ஆற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மாணவர்கள் பேருந்தை நோக்கி நடந்தனர்.